ஒரு மணி நேரக் கூட்டம் கொங்கு நாட்டுக்கு வந்த கதை

1962 ஏப்ரலில் டோக்கியோவிலிருந்து ஒரு இதழ் வெளிவந்தது. தொழிற்கூடத்தில் எந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற ஃபோர்மேன்களுக்காகவே நடத்தப்பட்ட இதழ் அது. அவர்கள் தங்கள் கைக்காசில் வாங்கும்படி விலையைக் குறைவாக வைத்தார்கள். அதன் பின்னால் இருந்தவர் டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கவோரு இஷிகாவா. இதழை வாங்கி மடித்து வைத்துவிட்டால் பயனில்லை. ஃபோர்மேனும் அவரிடம் வேலை பார்ப்பவர்களும் ஒன்றாக உட்கார்ந்து வாசிக்க வேண்டும், வாசித்ததைத் தங்கள் எந்திரத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. நம் ஊர் டீக்கடை பெஞ்சில் ஒருவர் பேப்பரை உரக்க வாசிக்க, மற்றவர்கள் கேட்டுவிட்டு ஆளுக்கொன்று சொல்வார்களே, ஏறக்குறைய அதேதான். அடுத்த மாதமே மட்சுயாமா நகரில், ஜப்பானின் பொதுத்துறைத் தந்தி-தொலைபேசிக் கழகத்தின் தொழிலாளர்கள் சிலர் தங்கள் குழுவை முதல் வட்டமாகப் பதிவு செய்துகொண்டார்கள். இன்று கோவையின் பம்ப்செட் கம்பெனிகளிலும் பவுண்டரிகளிலும் நூற்பாலைகளிலும் ‘தரவட்டம்’ என்று சொல்கிறார்களே, அதற்கு அதுதான் பிறந்த ஊர்.

அதே 1962இல்தான் கோவையில் லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கப்பட்டது. நூற்பு எந்திரத்தை உள்ளூரிலேயே செய்யத் துணிந்த ஊருக்கு, அந்த எந்திரத்தைச் சுற்றி நிற்பவர்களை உட்கார வைத்துப் பேசும் முறை வந்து சேர இன்னும் இருபது வருடம் ஆயிற்று. வந்த வழியும் நேர்வழி அல்ல.

தரவட்டத்துக்கு முன்னோர் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் பலர் போர்முனைக்குப் போய்விட, புதியவர்களைச் சீக்கிரம் பழக்க வேண்டியிருந்தது. 1940இல் தொடங்கிய ‘டிடபிள்யூஐ’ (ட்ரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்ற பயிற்சித் திட்டம் அதற்கு எளிய வழி கண்டது. பத்து சூப்பர்வைசர்களை ஒரு அறையில் உட்கார வைப்பார்கள். இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வு. ஒவ்வொருவரும் தன் இடத்து வேலை ஒன்றை எடுத்துவந்து, மற்ற ஒன்பது பேர் பார்க்கச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வெளியூர் நிபுணர் எல்லா ஆலைக்கும் போய் வர முடியாது என்பதால், ஆலைக்குள்ளேயே பயிற்சி தருபவரை உருவாக்குவதில்தான் குறியாக இருந்தார்கள். போர் முடிவதற்குள் 16 லட்சத்துக்கும் அதிகமானோர் இதில் தேறி வெளியே வந்தார்கள். வேலை செய்யும் இடத்திலிருந்தே ஆளை எடுத்துப் பழக்கி, அவரைக் கொண்டு இன்னும் பத்துப் பேரைப் பழக்குவது என்ற எண்ணம் பெரிய அளவில் வேரூன்றியது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியிலிருந்து தப்பி வந்திருந்த யூத உளவியலாளர் கர்ட் லெவின், அதே போர்க்காலத்தில் அயோவாவில் ஒரு சோதனை செய்தார். இறைச்சித் தட்டுப்பாடு. இதயம், சிறுநீரகம் போன்ற உறுப்புகளையும் சமைக்கும்படி இல்லத்தரசிகளை இணங்க வைக்க வேண்டும். சில குழுக்களுக்கு அருமையான சொற்பொழிவு. சில குழுக்களில் அவர்களே உட்கார்ந்து பேசி, என்ன செய்யலாம் என்று கையுயர்த்தி முடிவெடுத்தார்கள். சொற்பொழிவு கேட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் வீட்டில் சமைத்தார்கள். பேசி முடிவெடுத்தவர்களில் 32 சதவீதம். குழுவை நடத்தத் தெரிந்தவர்களைப் பயிற்றுவிக்கவென்றே 1947இல் மெய்ன் மாநிலத்தின் பெத்தல் என்ற சிற்றூரில் அவருடைய தோழர்கள் ஒரு முகாம் தொடங்கினார்கள். அதைப் பார்க்க லெவின் இல்லை. அந்த வருடம் பிப்ரவரியில் இறந்துபோனார்.

தரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கும் முறை ஜப்பானில் வேர்விடுவதற்கு முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. கட்டுப்பாட்டு வரைபடத்தை 1924இல் உருவாக்கிய வால்டர் ஷூவார்ட், இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் மகாலனோபிஸ் அழைக்க, 1947-48இல் இந்தியாவில் சில மாதம் தங்கிப் பாடம் எடுத்தார். அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங் ஜப்பானில் தன் புகழ்பெற்ற வகுப்புகளை நடத்தியது 1950இல். இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தொழிற்சாலைகளுக்கென்று தனிப் பிரிவுகள் திறந்தது. அதில் ஒன்று நம் கோயம்புத்தூரில் இருக்கிறது. அறிவு நம்மிடம் வந்தது. எஞ்சினியர் மேசையோடு நின்றுவிட்டது. ஜப்பானில் அது எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர் கைக்குப் போனது. இதை எப்போது நினைத்தாலும் எனக்கு ஆற்றாமைதான்.

ஏன் நின்றுவிட்டது என்பதற்குக் கொங்கு நாட்டுக்கென்று ஒரு பதில் இருக்கிறது. 1888இல் ஸ்டேன்ஸ் மில், 1932இல் பைக்காரா மின்சாரம், அதன் பின்னே வரிசையாக ஆலைகள். அந்த ஆலைகளில் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் பேச்சு என்பது கேட்டுக்கு வெளியே, கூட்டமாக, கோபத்தோடு நடந்த ஒன்று. 1946 ஜனவரி 8ஆம் தேதி சின்னியம்பாளையத்து ஆலைத் தொழிலாளர் நால்வர் ஒரு கொலை வழக்கில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த நாளை இன்றும் இங்கே நினைவுகூர்கிறார்கள். அதற்கு அடுத்த வருடம் வந்த தொழில் தகராறுச் சட்டம், நூறு பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் இருதரப்பும் சேர்ந்த ‘ஒர்க்ஸ் கமிட்டி’ அமைக்க வழி செய்தது. 1958இல் கூட்டு நிர்வாகக் குழுக்கள், 1975இல் இன்னொரு பங்கேற்புத் திட்டம், 1976இல் அரசியலமைப்பிலேயே 43ஏ பிரிவு. காகிதத்தில் எல்லாம் இருந்தது. கூடி உட்காரச் சொன்ன எந்தச் சட்டமும், உட்கார்ந்தவர்களைப் பேசவைக்கத் தெரிந்த ஒரு ஆளை உருவாக்கச் சொல்லவில்லை. கேன்டீன், கழிப்பிடம், தீபாவளி லீவு ஆகியவற்றைத் தாண்டிக் கூட்டங்கள் பெரும்பாலும் நகரவில்லை.

இதற்குள் ஜப்பான் வட்டம் கடல் தாண்டியிருந்தது. 1973இல் அமெரிக்காவின் லாக்ஹீட் ஏவுகணைத் தொழிற்சாலையிலிருந்து ஒரு குழு ஜப்பானுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மறுவருடம் வட்டங்களைத் தொடங்கியது. ஜப்பானில் ஃபோர்மேனே பெரும்பாலும் வட்டத்தின் தலைவராக இருந்து நடத்திக்கொண்டார். அமெரிக்காவுக்கு வந்தபோதுதான் ‘ஃபெசிலிடேட்டர்’ என்ற ஆளுக்குப் பெரிய இடம் கிடைத்தது. வட்டத்தின் தலைவர் அவர் அல்ல, உறுப்பினரும் அல்ல. ஓரமாக உட்கார்ந்து வட்டம் தடம் மாறாமல் பார்த்துக்கொள்பவர். நமக்கு வந்து சேர்ந்த வட்டத்தில் இந்த ஆளும் கூடவே வந்தார்.

1980இல் ஹைதராபாத் ராமச்சந்திரபுரத்தில் உள்ள பெல் (பாரத் ஹெவி எலக்ட்ரிகல்ஸ்) ஆலையில் முதல் இந்தியத் தரவட்டம் கூடியது. அதைக் கொண்டுவந்தவர் அங்கே பொது மேலாளராக இருந்த எஸ்.ஆர். உடுப்பா. 1982இல் இந்தியத் தரவட்டக் கூட்டமைப்பைச் செகந்திராபாத்தில் தொடங்கியதிலும் அவரே முன்னே நின்றார். அதற்குப் பல ஊர்களில் கிளைகள் வந்தன. கோவைக் கிளையும் அதில் ஒன்று. திருச்சி பெல், சென்னை டிவிஎஸ் குழுமக் கம்பெனிகள் என்று தமிழ்நாட்டில் பரவியது. 1998இல் சுந்தரம் கிளேட்டன் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியபோது, ‘நம்ம ஆளுகளாலயும் முடியும்’ என்ற எண்ணம் தெற்கே ஊன்றியது. பெரிய கார், பைக் கம்பெனிகள் தங்களுக்குப் பாகம் செய்து தருகிறவர்களிடமும் இதை எதிர்பார்க்கத் தொடங்க, கணபதியிலும் பீளமேட்டிலும் பெரியநாயக்கன்பாளையத்திலும் உள்ள பட்டறைகளுக்குள் வட்டம் நுழைந்தது. 1956 முதல் இயங்கும் ஜவுளி ஆய்வு நிறுவனமான சிட்ரா, நூற்பாலைச் சூப்பர்வைசர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் பயிற்சி கொடுத்துப் பழக்கிய நிலம் ஏற்கெனவே இங்கே இருந்தது. 2019இல் எல்ஜி எக்விப்மெண்ட்ஸ் டெமிங் பரிசு பெற்றது. கம்ப்ரசர் செய்யும் ஒரு கோவைக் கம்பெனிக்கு அந்தப் பரிசு வந்ததில் எஞ்சினியர்களுக்கு எவ்வளவு பங்கோ, லைனில் நின்றவர்களுக்கும் அவ்வளவு பங்கு.

வட்டம் கூடும்போது உள்ளே என்ன நடக்கிறது? நூற்பாலையில் நூல் நூற்கும் ரிங் பிரேம் டிபார்ட்மெண்டை வைத்துப் பார்ப்போம். பகல் ஷிப்ட் முடிகிற நேரம். எட்டு நாற்காலி, வட்டமாக. சைடு பார்க்கும் (பிரேமின் ஒரு பக்கத்தைக் கவனிக்கும்) பெண்கள் ஐந்து பேர், நூல் நிரம்பிய பாபினைக் கழற்றும் டாஃபர் ஒருவர், ஃபிட்டர் ஒருவர், சுத்தம் செய்பவர் ஒருவர். வட்டத் தலைவி அவர்களில் ஒருத்தியே. எடுத்துக்கொண்ட பிரச்சினை: நூல் அதிகமாக அறுகிறது. சுவரில் சார்ட் பேப்பர், அதில் இஷிகாவா கண்டுபிடித்த மீன்முள் படம். ஆள், எந்திரம், பஞ்சு, முறை என்று நாலு முள். ஃபெசிலிடேட்டர் மெயின்டனன்ஸ் பிரிவுக்காரர். ஃபிட்டர் ‘டிராவலர் தேஞ்சிருச்சு’ என்று, நூலை வழிநடத்தும் சின்ன வளையத்தைச் சொல்லி முடிக்கிறார். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். இங்கேதான் பயிற்சி பெறாத ஆள் ‘சரி, டிராவலர மாத்திரலாம்’ என்று எழுதிக் கூட்டத்தை முடித்துவிடுவார்.

பயிற்சி பெற்றவர் வட்டத்தில் இதுவரை வாய் திறக்காத ஒருத்தரைப் பார்க்கிறார்.

“ஏனுங்க்கா, உங்க சைடுல எப்பங்க அதிகமா அறுகுது?”

“நான் என்னத்தச் சொல்றதுங்க. அண்ணந்தான் சொல்லிட்டாருங்களே.”

ஃபெசிலிடேட்டர் பேசாமல் இருக்கிறார். மனசுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

“ட்ராலி வந்துட்டுப் போன பொறவுங்க.”

“ட்ராலி வந்தா என்னாகுதுங்க்கா?”

“கதவு தொறந்தே கெடக்குதுங்க. காத்து உள்ள வந்து அடிக்குது.”

ரிங் பிரேம் ஹாலில் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம்வரை இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசுகிற மாதங்களில் கதவு திறந்து கிடந்தால் அந்தக் கணக்கு குலைந்து, பஞ்சுத் தூசி பறந்து, நூல் அறுகத்தான் செய்யும். அடுத்த வாரம் முழுக்க எந்த பிரேமில், எந்த நேரத்தில், எத்தனை அறுப்பு என்று ஒரு தாளில் கோடு போட்டு வருகிறார்கள். கதவுக்குப் பக்கத்து பிரேம்களில் கோடுகள் குவிந்தால் அந்த அக்கா சொன்னது சரி. குவியாவிட்டால் ஃபிட்டர் சொன்னதைப் பார்க்கலாம். யார் சொன்னதற்கும் சொன்னவரின் பதவியால் எடை கூடுவதோ குறைவதோ இல்லை. தரவட்டத்தின் உயிர் இந்தக் கோடு போட்ட தாள்தான். அந்தத் தாள்வரை அந்த அக்காவைக் கொண்டுவந்து சேர்த்தது ஃபெசிலிடேட்டரின் பத்து விநாடி மௌனம்.

இந்த மௌனத்தைப் பழக்குவது சாதாரண வேலையில்லை. நம் ஆலைகளில் சூப்பர்வைசராகவோ மேஸ்திரியாகவோ உயர்ந்தவர், கேட்டவுடன் பதில் சொல்லத் தெரிந்ததால்தான் உயர்ந்தார். அவரைக் கூப்பிட்டு ‘இனிமேல் பதில் சொல்லாதீங்க, கேளுங்க’ என்றால் சம்பாதித்ததைப் பறிப்பதுபோல் உணர்கிறார். அதனால் நல்ல பயிற்சி, விரிவுரையில் நேரத்தைச் செலவழிப்பதில்லை. இரண்டு மூன்று நாள், பயிற்சிக்கு வந்தவர்களே மாறி மாறிப் பொய்க்கூட்டம் நடத்துகிறார்கள். ஒருவர் வெளியே உட்கார்ந்து தாளில் வட்டம் போட்டு, ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு புள்ளி வைத்து, யார் யாரைப் பார்த்துப் பேசினாலும் கோடு இழுத்துக்கொண்டே வருகிறார். கூட்டம் முடிந்ததும் அந்தத் தாளைக் காட்டுகிறார். எல்லாக் கோடும் ஃபெசிலிடேட்டர் புள்ளியில் போய் முட்டியிருக்கும். ‘நான் அதிகமா பேசறேன்’ என்று யாரும் சொல்லாமலே அவருக்கே தெரிந்துவிடும். மறுநாள் அதே ஆள் நடத்தும்போது கோடுகள் குறுக்கும் நெடுக்கும் போக ஆரம்பித்திருந்தால் பயிற்சி வேலை செய்கிறது.

இன்னும் சில பழக்கங்கள் உண்டு. ‘ஏன் செய்யல?’ என்று கேட்டால் ஆள் தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். ‘எப்ப, எங்க, என்ன ஆச்சு?’ என்று கேட்க வேண்டும். வட்டத்தில் வரிசையாக ஆளுக்கு ஒரு யோசனை. தோன்றாதவர் ‘பாஸ்’ சொல்லிவிடலாம், அடுத்த சுற்றில் மறுபடி அவரிடம் வரும். போர்டில் எழுதும்போது அவர் சொன்ன வார்த்தையையே எழுத வேண்டும். ‘கதவு தொறந்து கெடக்குது’ என்பதை ‘ஈரப்பதக் கட்டுப்பாட்டுக் குறைபாடு’ என்று மாற்றினால், சொன்னவருக்கு அது தன்னுடையது இல்லை என்று ஆகிவிடும்.

ஃபெசிலிடேட்டரை உள்ளிருந்தே எடுக்க வேண்டுமா, வெளியிலிருந்து கன்சல்டன்ட் வரட்டுமா? உள்ளிருந்தே என்பதுதான் என் முடிவு. கூட்டத்தில் சொன்ன கதவு நாளைக்கும் திறந்து கிடந்தால், அந்த அக்கா போய்க் கேட்க ஒரு ஆள் ஹாலில் இருக்க வேண்டும். ஆனால் தன் மேலதிகாரி தன் வட்டத்தில் உட்கார்ந்தால் யாருக்கும் வாய் வராது. அதனால் வேறு டிபார்ட்மெண்டிலிருந்து எடுப்பது நல்லது. இதைவிடக் கடினமான ஒன்று இங்கே உண்டு. யார் முன்னால் யார் உட்காரலாம், யார் முதலில் பேசலாம் என்பதைச் சாதியும் சொந்தபந்தமும் தீர்மானிக்கிற ஊர்களிலிருந்துதான் கம்பெனி பஸ் வருகிறது. நாற்காலியை வட்டமாகப் போட்டதால் மட்டும் அது கரைந்துவிடாது. வரிசையாக எல்லோரும் பேசியாக வேண்டும் என்ற விதி இந்த இடத்தில் பெரிய பலம். மரியாதைக்காகப் பேசாமல் இருப்பவருக்கும், பேசினால் வம்பு என்று ஒதுங்குபவருக்கும் அது வாய்ப்புத் தருகிறது.

வட்டம் சாகும் இடங்களும் உண்டு. 1985இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எட்வர்ட் லாலரும் சூசன் மோர்மனும் எழுதிய கட்டுரை, அமெரிக்காவில் இந்த மோகம் வடிந்தபின் என்ன மிஞ்சும் என்று அப்போதே கேட்டது. நடுமட்ட அதிகாரிகள் ஒத்துழைக்காததும், வட்டம் சொன்னதை நிறைவேற்றாததும் அங்கே அதைத் தின்றன. நம்மிடம் இன்னொரு நோய், போட்டி. தரவட்டங்களின் வருடாந்திர மாநாட்டில் கேஸ் ஸ்டடி வாசிக்க வேண்டும் என்பதற்காக, எஞ்சினியர் ஏற்கெனவே தீர்த்த பிரச்சினையை எடுத்து, மீன்முள் படத்தைப் பின்னாலிருந்து வரைந்து, பவர்பாயிண்ட் செய்து, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போய்ப் பரிசு வாங்கிவருகிறார்கள். மாநாடு நல்லதுதான். சைடு பார்க்கும் பெண் நானூறு பேர் முன்னால் மைக் பிடித்துத் தன் வேலையைப் பற்றிப் பேசுவது சின்ன விஷயமா? ஆனால் அவள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பது வேறொருவர் கண்டுபிடித்ததாக இருந்தால் அந்த மைக்குக்கு அர்த்தம் இல்லை.

தொழிற்சங்கங்களின் சந்தேகத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது, அது நியாயமானது. வட்டம் நூல் அறுப்பைக் குறைத்தது. வேலை இலேசானது. உடனே நிர்வாகம் ‘அப்படின்னா இன்னொரு சைடும் சேத்துப் பாருங்க’ என்றால், அடுத்த வாரம் அந்த எட்டுப் பேரில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். எந்தப் பயிற்சியாலும் அவர்களைப் பேசவைக்க முடியாது. வட்டம் மிச்சப்படுத்தியதில் தொழிலாளிக்கு என்ன பங்கு, வேலைப்பளு கூடாது என்று எழுதிக் கொடுப்பார்களா என்பதை முதல் கூட்டத்துக்கு முன்பே தீர்க்க வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதும் ஃபெசிலிடேட்டரின் வேலையில் சேரும் என்பேன்.

கடந்த சில வருடங்களில் இந்தப் பயணம் புது வளைவு எடுத்திருக்கிறது. கோவை பவுண்டரிகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பெருந்துறைப் பக்கத்து ஆலைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள் பெரும் எண்ணிக்கையில் வேலை பார்க்கிறார்கள். எட்டு நாற்காலியில் நாலு பேருக்குத் தமிழ் தெரியாது. தமிழ்ச் சூப்பர்வைசர் அரைகுறை ஹிந்தியில் நடத்தும் வட்டத்தில் அவர்கள் ‘டீக் ஹை’ என்பதற்கு மேல் சொல்வதில்லை. மொழிபெயர்க்க ஒரு ஆளை வைப்பதைவிட, அவர்களுக்குள்ளிருந்தே ஒருவரை ஃபெசிலிடேட்டராகப் பழக்குவது மேல். கரும்பலகையில் எழுத்துக்குப் பதில் படம், கோடு, நிறம் என்று போனால் மொழி பாதி தடையாகத்தான் இருக்கும். கோடு போட்ட தாளுக்கு மொழி கிடையாது.

இன்னொரு வளைவு, பெண்களின் பாதுகாப்பு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்து ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் தொழிலாளி கொலை செய்யப்பட்டார். அதன்பின், பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் தொடர்ந்து போராடி, 2022 ஏப்ரலில் திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸுடன், பாலியல் தொல்லையைத் தடுக்க ஒப்பந்தம் போட்டது. ஆசிய ஊதியக் கூட்டணியும் அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஒன்றும் உடன் கையெழுத்திட்டன; துணி வாங்கும் எச்&எம் நிறுவனமும் கட்டுப்பட்டது. அந்த ஒப்பந்தத்தின்படி லைனில் வேலை பார்க்கும் தொழிலாளர்களில் இருந்தே சங்கம் ‘ஷாப்ஃப்ளோர் மானிட்டர்’களைத் தேர்ந்தெடுத்து, பாலியல் தொல்லையை அடையாளம் காணவும் தைரியமாகச் சொல்லவும் பயிற்சி கொடுத்தது. இது இஷிகாவாவின் வட்டத்திலிருந்து பிறந்ததில்லை. வேறு ரத்தம், வேறு போராட்டம். ஆனாலும் மானிட்டராகும் பெண் கற்றுக்கொள்ள வேண்டியவை பெரும்பாலும் ஃபெசிலிடேட்டர் கற்றவைதான்: பேசாமல் காத்திருப்பது, சொன்னவர் வார்த்தையை மாற்றாமல் எடுத்துப்போவது, நாளைக்கும் அதே ஹாலில் இருப்பது.

வித்தியாசம், தேர்ந்தெடுப்பவர் யார் என்பதில். கதவு திறந்து கிடப்பதை நிர்வாகம் நியமித்த ஃபெசிலிடேட்டரிடம் சொல்லலாம். சூப்பர்வைசர் கை படுவதை அவரிடம் சொல்ல மாட்டார்கள். அதனால் கொங்கு நாட்டின் ஒரு பெரிய ஹாலில் இரண்டு விதமான ஆளும் வேண்டும், இருவருக்கும் பயிற்சி நேரம் சம்பளத்தோடு வேண்டும். ஷிப்ட் முடிந்தபின் கூட்டம் வைத்துவிட்டு, கடைசி கம்பெனி பஸ் போய்விட்டதால் பல்லடம் ரோட்டில் நின்று டவுன்பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்ணை, அடுத்த வாரம் நாற்காலியில் எதிர்பார்க்கக் கூடாது.